பரணில் கிடக்கும் டிஎக்ஸ்7

வணக்கம்.

அப்பா மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அவருடைய யமஹா டிஎக்ஸ்7 பல வருடங்களாகப் பரணில் கிடக்கிறது. பழைய கருவிகள் லட்சக்கணக்கில் விலைபோவதாக ஒரு வீடியோவில் சொன்னார்கள். இங்குள்ள கடைக்காரரோ, "எடைக்குப் போடுங்க சார்" என்கிறார். யாரை நம்புவது? விற்கலாமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். வீடியோக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் மெஷின் போன்றவற்றை. 1980க்கும் 1983க்கும் இடையில் சுமார் 12,000 மட்டுமே தயாரானது. நிஜ டிரம்ஸ் போல இல்லை என்று ஒதுக்கியவர்கள் சல்லிசாக விற்றார்கள். கையில் காசில்லாத ஹிப்-ஹாப், டெக்னோ பையன்கள் அதை வாங்கி, அந்தச் சத்தத்துக்கே தனி மவுசை உண்டாக்கினார்கள். டிஎக்ஸ்7 அப்படியல்ல. 1983இல் வந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. போதாததற்கு, அதே சத்தத்தைக் கம்ப்யூட்டரில் 'டெக்ஸ்டு' என்ற மென்பொருள் இலவசமாகத் தருகிறது. விலை கிடைக்கும், லட்சக்கணக்கில் எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் வாசிக்க உதவுமா என்றால், நன்றாக உதவும். அதன் பின்னால் மிடி சாக்கெட் இருக்கிறது, ஐந்து ஓட்டை உள்ளது. இசைக்கருவிகளும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது மொழிதான் மிடி. ஒரு சின்ன கேபிள் போட்டால் இன்றைய லேப்டாப்போடும் பேசும். என்னிடம் அதைவிட இருபது வருடத்துக்கு மேல் இளைய ரெக்கார்டிங் பெட்டி ஒன்று உண்டு, ஃபயர்வயர் என்ற பழைய வகை கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைவது. (கம்பெனி பெயர் வேண்டாம்.) அதைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுவதைக் கம்பெனி நிறுத்திவிட்டது, சும்மா கொடுத்தாலும் ஆளில்லை. பழைய கருவி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கம்பெனியின் தயவில்லாமல் அது ஓடுமா?

அவசரப்பட்டு பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஜப்பானில் விற்றதென்றால் 100 வோல்ட். நம் 230இல் போட்டால் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அப்புறம், திரையில் கன்னாபின்னாவென்று எழுத்து வந்தால் பயப்படாதீர்கள், உள்ளே ஈயம் வைத்து ஒட்டியிருக்கும் 2032 என்ற வட்டப் பேட்டரி தீர்ந்திருக்கும். கம்பெனி கொடுத்த சத்தங்களை மிடி வழியாகத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

திரை ஒழுங்காக வந்தால், பேட்டரியைத் தொடாதீர்கள். நினைவகத்தில் 32 சத்தங்கள் இருக்கும். அப்பா மேடைக்காகத் தானே அமைத்துக்கொண்டவையும் அதில் இருக்கலாம். அத்தனையும் சேர்த்து 4 கேபிதான், ஆனால் பேட்டரியைக் கழற்றினால் போய்விடும். முதலில் அவற்றை லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். பரணில் கார்ட்ரிட்ஜ் ஏதும் கிடக்கிறதா என்றும் தேடுங்கள், அதிலும் சத்தங்களைச் சேமிப்பார்கள். விற்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.