வீட்டை ஈடு வைக்காதீர்கள்: ஃபிராக்டல் செய்யும் பிள்ளைக்கு ஒரு வழி

வெள்ளவத்தை அம்மாவுக்கு,

மகளுக்கு உயர்தரக் கணிதப் பிரிவில் இரண்டு பி, ஒரு சி. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலுக்கு இஸட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) காணாது. தனியார் பொறியியல் பட்டத்துக்கு முதல் வருடக் காசைக் கனடா மாமா தருவார், மிச்சத்துக்கு வீட்டை ஈடு வைக்கலாம் என்கிறீர்கள். மகளோ இரவிரவாகக் கணினியில் "ஏதோ வண்ணச் சுருள்" செய்கிறாள், அதுதான் உங்கள் கவலை. சுருளுக்குப் பயப்படாதீர்கள். ஈட்டுக்குப் பயப்படுங்கள்.

அந்தத் தனியார் நிறுவனம் தருவது வெளிநாட்டுப் பட்டமென்றால் கட்டணம் பவுணிலோ டொலரிலோ வரும். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. இரண்டாம், மூன்றாம் வருடங்களுக்கு மாமா பொறுப்பில்லை, நீங்கள்தான் பொறுப்பு. அதுவும் பிள்ளை கேட்காத படிப்புக்கு. கணக்கியல், மென்பொருள் பற்றியெல்லாம் சொந்தக்காரர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன்.

அந்தச் சுருளுக்குப் பெயர் ஃபிராக்டல்: பெருப்பிக்கப் பெருப்பிக்க அதே சாயல் வடிவம் திரும்பத் திரும்ப வரும் படம். அவள் செய்வது கணிதம்தான். ஓர் எண்ணை வர்க்கமாக்கி, இன்னோர் எண்ணைக் கூட்டி, வரும் விடையைத் திரும்பத் திரும்ப அதே வழியில் விட்டால் வருவது மண்டெல்ப்ரோ கணம் என்ற புகழ்பெற்ற ஃபிராக்டல். அவள் படித்த சிக்கலெண் அங்கே வேலை செய்கிறது. சுடர் போல் நெளியும் படங்கள் 1992இல் ஸ்கொட் டிரேவ்ஸ் உருவாக்கிய முறையில் வருபவை. அதில் படத்தின் வடிவத்தை மாற்றத் திரையில் முக்கோணங்களை இழுப்பார்கள், ஒவ்வொரு முக்கோணமும் ஆறு எண்கள். தாயம் (மேட்ரிக்ஸ்) விளங்கியவளுக்கு முக்கோணத்தை இழுக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரியும், மற்றவர்கள் குருட்டாம்போக்கில் இழுப்பார்கள். இதற்கான மென்பொருள்கள் அபோஃபிசிஸ், ஜேவைல்ட்ஃபயர், முப்பரிமாணத்துக்கு மண்டெல்பல்பர் எல்லாம் இலவசம்.

திரையில் அழகாயிருப்பது அச்சில் கெடும். ஏ2 அளவை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் 4961 × 7016 பிக்சல். விளிம்பு வழவழப்பாக வர ஓவர்சாம்பிள் 2 வைத்தால் (நீளம், அகலம் இரண்டிலும் இரு மடங்கு கணக்கிடுவது) அது நான்கு மடங்காகி ஏறக்குறைய 14 கோடி. ஒவ்வொன்றுக்கும் 16 பைட் என்று போட்டாலே 2 ஜிபிக்கு மேல் ராம் கேட்கும், பழைய 32 பிட் மென்பொருள் அங்கேயே மூச்சை விட்டுவிடும். அப்போது படத்தைத் துண்டு துண்டாக ரெண்டர் செய்ய (கணக்கிட்டு முழுப் படமாக்க) வேண்டும். மணல் தூவியது போல் புள்ளி புள்ளியாக வந்தால் டென்சிட்டி (மென்பொருளில் வைக்கும் புள்ளி அடர்த்தி) போதாது: பார்வைக்கு 50 காணும், அச்சுக்கு 1000க்கு மேல். மண்டெல்ப்ரோவுக்குள் மிக ஆழமாகப் போனதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் கணினியைத் திட்ட வேண்டாம். சாதாரண இரட்டைத் துல்லிய எண் 15, 16 இலக்கம்தான் பிடிக்கும். விளிம்பு கரும்பொட்டாக அடைத்தால் மீள்செய்கை எண்ணிக்கையை, அதாவது அந்தக் கணக்கைத் திரும்பச் செய்யும் தடவைகளை, கூட்டட்டும். திரையின் மின்னும் நீலம் மையில் வராது, முதலில் ஏ4இல் ஒரு சோதனைப் பிரதி. மாமாவின் காசு உதவும் இடம் இதுதான்: ராம், ஒரு யூபிஎஸ். இரவு முழுக்க ஓடிய ரெண்டர் விடியற்காலை கரண்ட் போய் அழிவதைப் பார்த்தவளுக்கு யூபிஎஸ்ஸின் அருமை தெரியும்.

சும்மா சுவரில் மாட்டும் படம் விற்று வீட்டுச் செலவு போகுமென்று நான் சொல்லவில்லை. கொழும்பு 7இல் நடக்கும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தையில் சில பிரதிகள் விற்கலாம், அவ்வளவுதான். நாட்டில் வேலை இருப்பது துணியில். இதை ஏனோ யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, ஆடைதான் நம் பெரிய ஏற்றுமதி என்றாலும்.

துணிக்கு வந்தால் விதிகள் மாறும். துணியில் அச்சிடும் ரோட்டரி ஸ்க்ரீன் என்ற சுழலும் உருளையின் சுற்றளவு வழக்கமாக 64 செ.மீ. ஆகவே வடிவம் திரும்ப வரும் தூரம் 64ஐ மிச்சமின்றிப் பிரிக்க வேண்டும்: 32, 16. 32 செ.மீ. ஓடு (திரும்பத் திரும்ப வரும் ஒரு கட்டம்) 300 டிபிஐயில் 3780 பிக்சல். ஃபிராக்டல் தானாக ஓரம் பொருந்தாது. க்ரிட்டா என்ற வரையும் மென்பொருளில், படத்தை அடுத்தடுத்து ஒட்டிக் காட்டும் ராப் அரவுண்ட் மோடைப் போட்டால் பொருந்தாத தையல்கோடு தெரியும், அதை அங்கேயே மூட வேண்டும். அடுத்த சிக்கல் நிறம். ரோட்டரியில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன், ஆயிரம் சாயல் கொண்ட படம் அப்படியே போகாது. ஆறு, எட்டு தட்டை நிறங்களுக்குக் குறைத்தும் உயிர் போகாத படம் எது என்று தெரிவு செய்வதுதான் கைத்திறன். டிஜிட்டல் அச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பெருந்தொகை மீட்டருக்கு விலை கூடும்.

வேலை தருபவர்களுக்குக் காட்ட, இப்போதிருந்தே பன்னிரண்டு வடிவங்களைக் கோப்பாக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறத் தொகுதி, ஓடு பொருத்திய படம், சட்டையிலோ சேலையிலோ வைத்த மாதிரி. படத்தை உருவாக்கிய எண்கள் இருக்கும் பாராமீட்டர் கோப்புகளைத் திகதியோடு சேமிக்கச் சொல்லுங்கள். பிறருடைய பாராமீட்டரைத் திருகி எடுத்ததைத் தன் பெயரில் விற்கக் கூடாது, பிடிபட்டால் கோப்பு முழுவதையும் சந்தேகிப்பார்கள்.

படிப்பு? மொறட்டுவையிலேயே ஃபேஷன் டிசைன் பட்டம் இருக்கிறது, அரச பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம் இல்லை. பாடத் தகைமையைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் சரிபாருங்கள். கைநூல் படிவத்தை நிரப்பினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அந்தப் பட்டத்துக்கான உளச்சார்புப் பரீட்சைக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதன் முடிவுத் திகதி வேறு. அதைத் தவறவிட்டால் இஸட் புள்ளி எவ்வளவு இருந்தும் அந்த வருடம் கதவு திறக்காது. படிவத்தில் எந்தப் படிப்பு முதலில், எது அடுத்தது என்ற தெரிவு ஒழுங்கை அவளே எழுதட்டும்.