பரிணாமத்தை ஏற்றால் விசுவாசம் போய்விடுமா?

கேள்வி: கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். வகுப்பில் பரிணாமம், ஞாயிறு ஆராதனையில் ஆறு நாளில் படைப்பு. இரண்டையும் ஏற்கிறேன் என்றால், வேதத்தைச் சந்தேகப்படாதே என்கிறார் அப்பா. என்ன செய்வது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: இரண்டில் ஒன்றை நீ விட வேண்டியதே இல்லை அம்மா. ஆதியாகமம் முதல் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பார், சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது, அப்படியானால் முதல் மூன்று நாட்கள் எப்படிப்பட்ட நாட்கள்? டார்வினுக்கு ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே, ஆதித் திருச்சபையின் பெரிய இறையியல் அறிஞரான புனித அகஸ்டின் இதை யோசித்து, அவை நம்முடைய நாட்களைப் போன்றவை அல்ல என்று எழுதிவிட்டார். அவருடைய விசுவாசம் குறைந்தா போனது?

அறிவியல் பக்கமும் ஆதாரம் பலமானது. சிம்பன்சிக்கு 48 குரோமோசோம், அதாவது 24 ஜோடி, நமக்கு 46, அதாவது 23 ஜோடி; நம் இரண்டாவது குரோமோசோமில் பழைய இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்ட தடயம் இன்னமும் இருக்கிறது, இரு இனங்களுக்கும் பொதுவான மூதாதை இருந்ததற்கு இது ஒரு சான்று. மனிதனின் மரபணுத் தொகுப்பை வாசித்தறிந்த மனித மரபணுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர், பரிணாமத்தை முழுமையாக ஏற்பவர். 1996-ல் போப் இரண்டாம் ஜான் பாலும் அது வெறும் கருதுகோள் அல்ல என்றார்.

ஆனால் ஆதாம், பாவம், மரணம் பற்றிய கேள்விகள் நிஜமாகவே கடினமானவை, சபைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, அதை அப்பாவிடம் மறைக்காதே. அவரிடம் வாதாடி ஜெயிக்கப் பார்க்காமல், அந்த முதல் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து சேர்ந்து வாசி. நீ விசுவாசத்தை விட்டுப் போய்விடுவாயோ என்பதுதான் அவர் பயம் என்று நினைக்கிறேன்.