புள்ளி விழாத வீடுகள்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பேரூராட்சிப் பகுதியில் சுகாதார ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். மூன்று வாரங்களாக எங்கள் ஊரில் வயிற்றுப்போக்கு பரவிவருகிறது. சிக்கலான ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முன்முடிவில்லாமல் பார்க்க வேண்டும், பார்த்ததைப் படமாக வரைய வேண்டும், பிறகு நிதானமாகக் கேள்வி கேட்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். வார்டு வரைபடத்தைப் பெரிதாக்கி அலுவலகச் சுவரில் ஒட்டி, நோயாளி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். புள்ளிகள் மேல்நிலைத் தொட்டியைச் சுற்றித் திரண்டு நிற்கின்றன. ஆனால் திறந்த சாக்கடையும் அந்த வழியாகத்தான் போகிறது. வாரச்சந்தையும் அங்கேதான் கூடுகிறது. ஒருவர் நாற்றத்தைக் காரணம் என்கிறார், இன்னொருவர் சந்தையில் விற்கும் தின்பண்டத்தை. எனக்குக் குடிநீர்க் குழாயின் மேல்தான் சந்தேகம். உண்மையைச் சொன்னால், முதல் புள்ளியை வைப்பதற்கு முன்பே அந்தச் சந்தேகம் இருந்தது. அப்படியானால் நான் பார்த்தது முன்முடிவில்லாத பார்வையாகுமா? இன்னொன்று. ரயில் பாதைக்கு அந்தப்புறம் ஒரே ஒரு புள்ளி தனியாக நிற்கிறது. தொட்டிக்கு மிக அருகில், பதினொரு வீடுகள் உள்ள ஒரு குறுக்குத்தெருவில் ஒரு புள்ளிகூட இல்லை. இவற்றை விதிவிலக்கு என்று விட்டுவிடலாமா?

அன்புடன்,
தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டேன். கேள்விக்குள் போகும் முன் ஒன்று சொல்ல வேண்டும். காரணம் உறுதியாகும் வரை எந்தத் தடுப்பு வேலையையும் தள்ளிவைக்க வேண்டாம். குழாயின் கடைக்கோடி வீடுகளில் குளோரோஸ்கோப்பில் தண்ணீரைப் பிடித்து, மருந்துத் துளி விட்டதும் மஞ்சள் நிறம் வருகிறதா, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரினாவது நிற்கிறதா என்று தினமும் பாருங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஆராய்ச்சியில் இறங்கிய மனம் சில நேரம் கையைத் தாமதப்படுத்தும், அதனால்தான் சொல்கிறேன்.

சந்தேகம் முன்பே இருந்தது என்பதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தில் இறப்புகளைக் குறித்து நோயின் மூலத்தைத் தேடியவர்களில் உலகம் நன்கறிந்த ஆங்கில மருத்துவர் ஜான் ஸ்நோவுக்கும் அது இருந்தது. 1854 ஆகஸ்ட் 31ஆம் தேதி இரவு லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. நம் பாட்டிமார் வாந்திபேதி என்று சொன்ன அதே நோய். பத்தே நாட்களில், பிராட் வீதியைச் சுற்றி 250 கஜத் தொலைவுக்குள் 500க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ஸ்நோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார், நடுவில் ஓர் அடிபம்பு இருக்கக் கண்டார், அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார், நோய் நின்றது என்றுதான் இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இதில் வரிசையே தவறு. காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று அவர் 1849ஆம் ஆண்டிலேயே சிறுநூல் எழுதி வெளியிட்டிருந்தார். கைப்பிடி கழற்றப்பட்டது 1854 செப்டம்பர் 8 அன்று. அவருடைய வரைபடம் பிறர் பார்வைக்கு வந்தது அந்த டிசம்பரில். கைப்பிடியைக் கழற்றும்போதே நோய் தணியத் தொடங்கியிருந்தது, மக்களில் பெரும்பகுதியினர் ஊரைவிட்டே போய்விட்டிருந்தார்கள். இதையும் அவரேதான் எழுதி வைத்திருக்கிறார். தமக்குச் சாதகமில்லாத செய்தியைத் தம் கையாலேயே எழுதிய அந்த மனிதரின் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

மனம் காலியாக இருந்தால்தான் பார்வை நேராக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முன்பு எழுதியதில் அப்படி ஒரு பொருள் தொனித்திருந்தால் அது என் பிழை. எதையும் சந்தேகிக்காத ஒருவர் எந்த வீட்டைக் குறிப்பது, எதை விடுவது என்றுகூட முடிவெடுக்க முடியாது. நீங்கள் நோயாளியின் வீட்டைக் குறித்தீர்கள். அவர் வேலைசெய்யும் இடத்தையோ பிள்ளை படிக்கும் பள்ளியையோ குறிக்கவில்லை. அந்தத் தேர்வுக்குள்ளேயே ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. கருத்து இருப்பதால் கேடில்லை. அது பொய்யாகக்கூடிய இடம் எது என்று தெரிந்திருந்தும் அங்கே போகாமல் இருப்பதுதான் கேடு.

படம் மட்டும் போதாது என்பதற்கு அதே லண்டனில் இன்னொரு சான்று உண்டு. வில்லியம் ஃபார் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த புள்ளிவிவர அறிஞர், இறப்புக் கணக்குகளை ஒழுங்குபடுத்தியவர், நேர்மையானவர். 1848-49ஆம் ஆண்டுகளில் வந்த காலராவின் கணக்குகளை அவர் தேம்ஸ் நதியிலிருந்து நிலம் எவ்வளவு உயரம் என்பதோடு பொருத்திப் பார்த்தார். 20 அடிக்கு உட்பட்ட தாழ்நிலத்தில் பத்தாயிரம் பேருக்கு 102 இறப்புகள், அதற்கு மேல் 40 அடி வரை 65, அதற்கும் மேல் 60 அடி வரை 34. மேலே போகப் போக இறப்பு குறைகிறது. கணித வாய்ப்பாட்டில் வைத்தால் அச்சில் வார்த்ததுபோல உட்காருகிறது. தாழ்வான இடத்தில் நச்சுக்காற்று தேங்குகிறது, அதுவே காலரா என்ற அன்றைய பொதுநம்பிக்கைக்கு இதைவிட அழகான ஆதாரம் கிடைத்திருக்காது. எண்களில் தவறில்லை, படத்திலும் தவறில்லை. ஆனால் தாழ்வான பகுதிகளில் பலவும் கழிவு கலந்த கீழ்த் தேம்ஸின் தண்ணீரையே குடித்தன. உயரமும் தண்ணீரும் ஒன்றாகவே நடந்துவந்ததால், உயரத்தை மட்டும் பார்த்தவருக்குத் தண்ணீர் தெரியவில்லை. உங்கள் ஊரில் தொட்டியும் சாக்கடையும் சந்தையும் ஒரே இடத்தில் இருப்பது இதே நிலைமைதான். 1866இல் கிழக்கு லண்டனில் காலரா வந்தபோது ஃபார் தம் கருத்தை மாற்றிக்கொண்டு தண்ணீரைப் பின்தொடர்ந்தார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

ஸ்நோவுக்கு முன்பே, அதே செப்டம்பரில், சாக்கடைத் துறைப் பொறியாளர் ஒருவர் அதே தெருக்களின் இறப்புகளை வரைபடத்தில் குறித்திருந்தார். புதிய சாக்கடை தோண்டும்போது பழைய கொள்ளைநோய்ப் புதைகுழி கிளறப்பட்டதுதான் காரணம் என்று ஊரில் பேச்சு இருந்ததால், சாக்கடை காரணமா என்று பார்ப்பதற்காக அவர் வரைந்த படம் அது. காரணமில்லை என்று கண்டதும் அவர் வேலை முடிந்தது. ஏறத்தாழ அதே குறிகள் அவருடைய தாளிலும் இருந்தன. பம்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, படமும் தானாகச் சொல்லவில்லை.

ஸ்நோ பிறகு திருத்திய படத்தில் ஒரு கோடு வருகிறது. எந்த இடத்திலிருந்து பிராட் வீதி பம்பு பக்கம், எந்த இடத்திலிருந்து மற்றப் பம்புகள் பக்கம் என்று பிரிக்கும் கோடு அது. காகிதத்தில் அளவுகோல் வைத்து அவர் அதை வரையவில்லை. சந்துகளின் வளைவு நெளிவோடு, ஒரு பெண் வாளியுடன் நடந்துபோக வேண்டிய தூரத்தைக் கணக்கிட்டு வரைந்தார். வரைபடத்தில் பக்கமாகத் தெரிவது காலுக்குத் தூரமாக இருக்கலாம் என்பதை அவர் மறக்கவில்லை. அந்தக் கோட்டாலும் பிடிக்க முடியாத ஒன்று இருந்தது. பக்கத்தில் மார்ல்பரோ வீதிப் பம்பு இருந்தும் பலர் அதைத் தாண்டிப் பிராட் வீதிக்கே வந்தார்கள்; அங்கே தண்ணீர் அசுத்தம், இங்கே தெளிவு என்று பெயர். இது வாசலில் நின்று கேட்டால் மட்டுமே கிடைக்கும் செய்தி.

உங்கள் தனிப் புள்ளிக்கும் வெற்றுத் தெருவுக்கும் வருகிறேன். முதல் சில நாட்களின் 83 இறப்புகளை ஸ்நோ எடுத்துக்கொண்டபோது, பத்து மட்டும் வேறு பம்புக்குப் பக்கத்து வீடுகளில் நடந்திருந்தன. பத்துதானே என்று அவர் விடவில்லை. போய் விசாரித்தார். ஐந்து குடும்பங்கள் பிராட் வீதித் தண்ணீரையே வழக்கமாக எடுத்துவந்தன; மூன்று பேர் அந்தப் பம்புக்கு அருகே பள்ளிக்குப் போன பிள்ளைகள். அதைவிடத் தொலைவில், பல மைல்கள் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்திருந்தார். பல மாதங்களாக அவர் சோஹோ பக்கமே வரவில்லை. அவருடைய மகனிடம் கேட்டபோது விடை வந்தது: முன்பு பிராட் வீதியில் குடியிருந்த அம்மாவுக்கு அந்தத் தண்ணீரின் ருசிதான் பிடித்தது, அதனால் தினமும் வண்டியில் ஒரு பெரிய குப்பி அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 31ஆம் தேதிக் குப்பியிலிருந்து அவர் குடித்தார், செப்டம்பர் 2ஆம் தேதி இறந்தார். அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுப்பெண், வேறொரு பகுதியிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பிப் போய் இறந்தாள். நாற்றம் அங்கே வண்டியேறிப் போகவில்லை, சாக்கடை போகவில்லை. தண்ணீர் மட்டும் போனது. நடுவில் இருந்த நூற்றுக்கணக்கான குறிகளால் சொல்ல முடியாததை அந்த இருவரின் இறப்பு சொன்னது.

மறுபுறம், பம்புக்கு மிக அருகே வெறுமை. போலந்து வீதியிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர். சுற்றிலும் வீட்டுக்கு வீடு சாவு. உள்ளே இறந்தவர்கள் ஐந்தே பேர். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பிராட் வீதியிலேயே ஒரு பீர் வடிசாலையில் 70க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். காலராவில் ஒருவரும் சாகவில்லை. அவர்களுக்குப் பீர் கிடைத்தது, வடிசாலைக்குள் தனிக் கிணறும் இருந்தது. தெருப் பம்புக்கு அவர்கள் போனதே இல்லை என்று முதலாளி நம்பினார். அதே காற்றைச் சுவாசித்தவர்கள் இவர்களும்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். ‘பம்புத் தண்ணீர் குடித்தீர்களா’ என்றால் ‘இல்லை’ என்று ஒருவர் மனதார உண்மை சொல்லக்கூடும். ஆனால் மதுக்கடையில் சாராயத்தோடு கலந்தது அந்தத் தண்ணீர்; சாப்பாட்டுக் கடையில் மேசைக்கு வந்தது அது. அங்கே காப்பிக்கடை வைத்திருந்த பெண் ஒருவர், தம் வாடிக்கையாளர்களில் ஒன்பது பேர் இறந்ததை செப்டம்பர் 6 அன்றே ஸ்நோவிடம் சொன்னார். ஆகவே உங்கள் நோயாளியிடம் குழாயைப் பற்றிக் கேட்காதீர்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன குடித்தார், எங்கே குடித்தார் என்று அவர் போக்கில் சொல்லவிடுங்கள். விடை உங்கள் வாயிலிருந்து அவர் வாய்க்குப் போய்விடக் கூடாது.

மனிதர்களுக்கே தெரியாத விடையும் உண்டு. தெற்கு லண்டனில் இரண்டு நிறுவனங்களின் குழாய்கள் ஒரே தெருவில் வீடு மாற்றி வீடு கலந்து ஓடின. ஒன்று 1852இல் ஆற்றின் மேற்பகுதிக்கு மாறியிருந்தது, மற்றது கழிவு கலந்த இடத்திலேயே எடுத்தது. குடியிருப்பவர்கள் பலருக்கு எது தங்கள் தண்ணீர் என்று தெரியவில்லை. ஸ்நோ ஒரு சிறு குப்பியில் தண்ணீரைப் பிடித்து வெள்ளி நைட்ரேட் சேர்த்தார். கடலின் ஏற்றத்தில் உப்பேறிய ஆற்றுநீர் பால்போல் வெளுத்துத் திரண்டது, மற்றது லேசாகக் கலங்கியதோடு சரி. அப்படி வீடு வீடாகப் பிரித்தபோது, பத்தாயிரம் வீடுகளுக்குக் கழிவு கலந்த நீரை எடுத்த நிறுவனத்தில் 315 இறப்புகள், மேற்பகுதிக்கு மாறியதில் 37. உயரம் ஒன்று, காற்று ஒன்று, வறுமையும் செல்வமும் இருபக்கமும் கலந்தே இருந்தன. தண்ணீர் மட்டும் வேறு.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஸ்நோ அல்லர், அவரை நம்பாத ஒருவர். ஹென்றி வொயிட்ஹெட், அந்தப் பகுதித் தேவாலயத்தின் இளம் உதவிக் குரு, இறப்பவர்களின் படுக்கையருகே இரவும் பகலும் இருந்தவர். பம்புத் தண்ணீரை நிறையக் குடித்துப் பிழைத்தவர்களைத் தாமே கண்டிருந்ததால், ஸ்நோ சொல்வது தவறு என்று நிறுவவே அவர் விசாரணையைத் தொடங்கினார். பிராட் வீதியின் குடிகளை, ஊர் மாறிப் போனவர்களையும் தேடிப் பிடித்து, சில வீடுகளுக்கு நான்கைந்து முறை போய்க் கேட்டார். இறந்தவர்களைப் பற்றி மட்டும் கேட்காமல், நோயே வராதவர்களிடமும் கேட்டார். தண்ணீர் குடித்த 137 பேரில் 80 பேருக்கு நோய். குடிக்காத 297 பேரில் 20 பேருக்கு. தம் கணக்கே தம்மை மறுத்தபோது அவர் அதை ஏற்றுக்கொண்டார். அதோடு நிற்கவுமில்லை. பம்பை ஒட்டிய 40ஆம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று மற்ற எல்லோருக்கும் முன்பே நோயுற்றதை இறப்புப் பதிவேட்டில் கண்டு, தாயிடம் போய்க் கேட்டார். துணி அலசிய நீரை வீட்டின் முன்புறக் கழிவுக்குழியில் கொட்டியதாக அவர் சொன்னார். 1855இல் தோண்டிப் பார்த்தபோது குழியின் செங்கற்கள் இற்றுப்போயிருந்தன. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. அந்தக் குழந்தையின் தந்தை நோயில் விழுந்தது செப்டம்பர் 8, கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். அதே குழியிலிருந்து அதே கிணற்றுக்கு இரண்டாம் முறையும் கிருமி இறங்கியிருக்கக்கூடும்; கைப்பிடி கழற்றப்படாமல் இருந்திருந்தால் அந்தத் தண்ணீரை மக்கள் மறுபடியும் குடித்திருப்பார்கள்.

ஆகவே, நாளைக் காலை தொட்டிப் பக்கம் போக வேண்டாம். ரயில் பாதையைத் தாண்டி அந்த ஒற்றைப் புள்ளியின் வீட்டுக்குப் போங்கள். யார் வீட்டில் சாப்பிட்டார்கள், சந்தைக்கு வந்தார்களா, இந்தப்புறத்திலிருந்து யாராவது குடத்தில் தண்ணீர் கொண்டுபோனார்களா என்று பொறுமையாகக் கேளுங்கள். அடுத்து அந்தப் பதினொரு வீடுகள். அவர்களுக்கும் அதே குழாய்தானா, பழைய ஆழ்துளைக் கிணற்றின் இணைப்பா, கேன் தண்ணீரா என்று பாருங்கள். அவர்களும் அதே குழாய்த் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அதையும் மறைக்காமல் சுவரில் எழுதுங்கள். குழாய் சாக்கடையை எங்கே கடக்கிறது, அந்தத் தெருவுக்கு இணைப்பு அதற்கு முன்பே பிரிகிறதா என்ற அடுத்த கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும். சிவப்போடு இன்னொரு நிறமும் வாங்கிக்கொள்ளுங்கள், விசாரித்தும் நோயில்லாத வீடுகளுக்காக. இப்போது உங்கள் படத்தில் நோயில்லாத வீடும் நீங்கள் இன்னும் போகாத வீடும் ஒரே வெள்ளையாக இருக்கின்றன.

போய்வந்து எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்