ஊழியம் முடிக்கும் மகனை அழைக்கப் போகும்போது: கேள்வி பதில்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் பிள்ளைகளை ஊழியத்துக்கு, அதாவது வெளியூரில் தங்கிச் சபையின் செய்தியைச் சொல்லும் பணிக்கு, அனுப்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் யூட்டாவில் வசிக்கிறேன். எங்கள் மகன் பிலிப்பைன்ஸில், இலோயிலோ ஊழியப் பகுதியில் 24 மாதங்கள் இருந்தான். முடிந்த வாரம் நானும் கணவரும் மகளும் நேரில் போய் அழைத்து வந்தோம். அதன் பிறகு இதே பயணம் போன சில குடும்பங்களுக்கும் துணை நின்றிருக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தந்தை: நாங்களே போய் அழைத்து வர அனுமதி உண்டா? அவனுடைய அண்ணனை மட்டும் அனுப்பினால் போதுமா?

அனுமதி உண்டு. ஊழியம் முடித்தவர் நேரே வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் சபையின் பொது விதி. வழியில் வேறு எங்காவது போவதென்றால் பெற்றோரில் ஒருவராவது காப்பாளராவது உடன் இருக்க வேண்டும். அதனால் அண்ணனை மட்டும் அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் வரப்போவதை மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே ஊழிய அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். அவர்கள் அவனுக்கு டிக்கெட் போட்ட பிறகு சொன்னால் எல்லோருக்கும் சிரமம்.

இன்னொன்றும் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் போக வேண்டாம். பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை விமான நிலையத்தில் நின்று வரவேற்பது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

சென்னையிலிருந்து ஒரு தாய்: வாரா வாரம் வீடியோவில் பேசுகிறோம். இவ்வளவு செலவு செய்து போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்கிறார் என் கணவர்.

2019 பிப்ரவரிக்கு முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே பிள்ளைகள் வீட்டுக்குப் பேச முடியும். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம் என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் அம்மா, திரையில் தெரிவது முகம் மட்டும். இலோயிலோவில் அவன் தங்கியிருந்த வீட்டு வாசலில் அவனுடைய கறுப்பு ஷூவைப் பார்த்தேன். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தது. அடிப்பாகத்தைச் சுற்றித் தெருவோரத் தொழிலாளி மூன்று முறை தைத்த தையல், மூன்றும் மூன்று நிற நூல். மழை நீரில் ஊறி ஊறி முன்பக்கத் தோல் அப்பளம்போல் வெடித்திருந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட அழைப்புகளில் ஒருமுறைகூட அதைப் பற்றி அவன் பேசியதில்லை. "சாப்பிட்டாயா", "நன்றாக இருக்கிறேன்" என்பதற்குள்ளேயே இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. அந்த ஷூவைப் பார்த்த பிறகுதான் அவன் எவ்வளவு நடந்திருக்கிறான் என்பது எனக்கு உறைத்தது.

கலிபோர்னியாவிலிருந்து ஒருவர்: பிலிப்பைன்ஸுக்கு என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் 30 நாள் வரை விசா வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுளும், கையில் திரும்பும் டிக்கெட்டும் இருக்க வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் 'ஈ-டிராவல்' அரசுத் தளத்தில் பதிவு செய்யுங்கள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது மகனுடைய காகிதத்தில்தான். ஆறு மாதமோ அதற்கு மேலோ அங்கே தங்கிய வெளிநாட்டவர் நாட்டைவிட்டுக் கிளம்பக் குடிவரவுத் துறையின் வெளியேற்றச் சான்று வேண்டும். உங்களோடு வேறு தேதியில் கிளம்பினாலும் அந்தச் சான்று கையில் இருக்கும்படி ஊழிய அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதே அன்பர்: எந்த மாதம் நல்லது?

மாதத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அவன் முடிக்கும் தேதிதான் தேதி. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் வரலாம், படகுப் பயணத்துக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்திருங்கள். ஜனவரி நான்காவது ஞாயிறை ஒட்டி இலோயிலோவில் தினக்யாங் திருவிழா. அறைக்கு வெகு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய்: நாங்கள் போய்ச் சேரும்போது அவன் இன்னும் ஊழியன்தானே? கட்டிப்பிடிக்கலாமா? சாதாரண உடை போடலாமா?

தாய் மகனைக் கட்டிப்பிடிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை, நன்றாகக் கட்டிப்பிடியுங்கள். ஆனால் பிணையத் தலைவர், அதாவது உங்கள் ஊர்ப் பக்கத்துச் சபைக் கூட்டங்களுக்குப் பொறுப்பானவர், அவனை முறைப்படி விடுவிக்கும்வரை அவன் ஊழியன்தான். பெயர்ப்பட்டை சட்டையில் இருக்கும், கடலில் குளிக்க மாட்டான். எங்கள் பிணையத் தலைவர் வீடியோவில் பேசி விடுவித்தார். பேசி முடித்ததும் பெயர்ப்பட்டையைக் கழற்றக் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். என் மகள் வாயைத் திறக்கப் போனாள், கணவர் கண்ணால் தடுத்தார். கால் மணி நேரம் கழித்துத் தானாகவே கழற்றி என் கையில் கொடுத்தான். உங்கள் வீட்டிலும் அந்த நிமிடத்தில் யாரும் கேமராவை நீட்ட வேண்டாம்.

மலேசியாவிலிருந்து ஒரு தாய்: பத்து நாள் விடுமுறை. எந்தெந்த இடங்களைப் பார்க்கலாம்?

அக்கா, இந்தக் கேள்விக்காகவே நான் எழுத உட்கார்ந்தேன். நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது. அவன் களைத்திருப்பான், கடற்கரையில் ஓய்வெடுக்கட்டும் என்று போராகாய் தீவில் நான்கு இரவு அறை எடுத்தேன். அவன் ஊழியம் செய்த ஊர்களுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு நாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நாளில் பார்க்க முடியாமல் போன ஒரு பாட்டி, தன் பேத்தியின் கைப்பேசியிலிருந்து "எப்போது வருகிறாய், சோறு வடித்துவிட்டேன்" என்று அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டாம் நாள் இரவு மணலில் உட்கார்ந்து அந்தச் செய்திகளையே பார்த்துக்கொண்டிருந்தவனைக் கண்டதும் மீதி இரண்டு இரவையும் விட்டுவிட்டு, விடிந்ததும் வண்டி பிடித்துத் திரும்பினோம்.

ஓட்டு வீடு, சிமெண்டுத் தரை. அந்த லோலா, அதாவது பாட்டி, வாசலிலேயே நின்றிருந்தார். என் மகன் குனிந்து அவருடைய வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். அது அங்கே பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறை. நாம் காலைத் தொடுகிறோம், அவர்கள் கையை நெற்றிக்குக் கொண்டுபோகிறார்கள். பிறகு திரும்பி, அதே குனிதலோடு என் கையையும் எடுத்து நெற்றியில் வைத்தான். விமான நிலையத்தில் அழாத நான் அங்கே அழுதேன். காய்ச்சலில் அவன் கிடந்த நான்கு நாளும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவர் அந்த லோலா என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஆகவே பத்தில் ஆறு நாளை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். எந்த வீடு முதலில், எந்த வீட்டில் எவ்வளவு நேரம் என்பதை அவனே முடிவு செய்யட்டும். நீங்கள் அவனை அழைக்கப் போகிறீர்கள், அவனோ விடைபெறப் போகிறான். அதற்கு நேரம் வேண்டும். மீதி நாளில் மியாகாவ் தேவாலயத்துக்குப் போய் வாருங்கள். 1797இல் கட்டி முடித்த கோட்டை போன்ற கட்டடம், 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. முகப்பில் புனிதர் கிறிஸ்தோபரைச் சுற்றித் தென்னையும் பப்பாளியும் செதுக்கியிருக்கிறார்கள், நம் ஊர்த் தோட்டத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். மாம்பழப் பருவமென்றால் படகில் கொஞ்ச நேரத்தில் குய்மராஸ் தீவு.

மதுரையிலிருந்து ஒருவர்: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 'லஸ்வா' என்று ஒரு காய்கறிக் குழம்பு உண்டு. பூசணி, வெண்டை, கத்தரி, கீரை எல்லாம் போட்டுக் கொதிக்க வைப்பது. இறால் சேர்ப்பார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். நம் முருங்கைக்கு அங்கே 'மலுங்காய்' என்று பெயர், கீரையாக எங்கும் கிடைக்கும். புகழ்பெற்ற 'லா பாஸ் பச்சோய்' பன்றி இறைச்சி போட்ட நூடுல்ஸ் சூப், அது உங்களுக்கு ஆகாது. கொடுத்ததைச் சாப்பிட்டதும் "நமித் கித்" என்று சொல்லுங்கள். மிகவும் ருசி என்று பொருள். வீட்டுக்காரம்மாள் முகம் மலர்வதைப் பாருங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி: கையில் என்ன கொண்டுபோகலாம்?

வெளியூரிலிருந்து வருகிறவர் கொண்டுவரும் பொருளுக்கு அங்கே 'பசலுபோங்' என்று தனிப் பெயரே உண்டு. விலை உயர்ந்தது வேண்டாம், வாங்குகிறவர் கூசுவார். நான் முறுக்கும் கடலை மிட்டாயும் வீட்டுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போனேன். மகன் அந்தக் குடும்பங்களோடு எடுத்த படங்களையும் அச்சடித்துக் கொடுத்தேன். முறுக்கு அன்றைக்கே தீர்ந்தது, படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

சேலத்திலிருந்து ஓர் அத்தை: நான் சபையைச் சேர்ந்தவள் இல்லை, இந்து. அண்ணன் குடும்பத்தோடு போனால் சங்கடமாகுமா?

தயங்காமல் போங்கள். சபையின் ஆலயங்களுக்குள் தகுதிச் சீட்டு பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே செல்வார்கள். ஞாயிறு ஆராதனை நடக்கும் கூட்ட அரங்குக்கு யாரும் வரலாம். வீடுகளில் நீங்கள் அவனுடைய அத்தை, அவ்வளவுதான். உங்களுக்கும் சோறு போடுவார்கள்.

டெக்சஸிலிருந்து ஒரு தாய்: வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. பேசாமல் இருக்கிறான். எங்கள் பயணத்தால் ஏதாவது தவறாகிவிட்டதா?

இல்லை அம்மா. இரண்டு வருடம் துணை ஊழியரை விட்டுத் தனியாக இருந்தே பழக்கமில்லாத பிள்ளை, இப்போது ஓர் அறையில் தனியாகத் தூங்குகிறான். என் மகன் தூக்கத்தில் இலோயிலோ மக்களின் இலொங்கோ மொழியில் பேசினான். எதிர்காலத் திட்டத்தைக் கேட்டு நெருக்காமல், அவன் சாப்பிட்ட வீடுகளைப் பற்றிக் கேளுங்கள். நீங்களும் அந்த வீடுகளுக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா, பெயர் சொல்லிக் கேட்க முடியும். உறக்கமோ பசியோ வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போகத் தயங்காதீர்கள். எங்கள் வீட்டில் இன்றும் ஞாயிறு மாலை அந்த லோலாவுக்கு வீடியோவில் அழைக்கிறோம். முதல் ஐந்து நிமிடம் அவனுக்கு, பிறகு கைப்பேசி என்னிடம் வரும்.