சி.ஆர்.சி இருக்கும்போதே கண்ட்ரோல் சேனலில் பொய்ச் செய்தி எப்படி நுழைகிறது?

கேள்வி: எல்.டி.இ-யில் (4ஜி) டவர் அனுப்பும் கண்ட்ரோல் செய்தியைப் போன் சரியாக அடையாளம் காண சி.ஆர்.சி (செய்தி கெடாமல் வந்ததா என்று பார்க்க அதோடு சேர்க்கும் சரிபார்ப்பு பிட்கள்) போதாதா? பிழைதிருத்தும் குறியீட்டை வைத்து இதை இன்னும் மேம்படுத்த முடியுமா?

போதாது, முடியும். மோடம் மென்பொருளில் சில வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராத்திரியில் வாசலிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், உடனே பதில் கொடுக்க எங்கள் அப்பத்தா விடமாட்டாள். மூன்றாவது தடவையும் குரல் கேட்டால்தான் வாயைத் திறக்கலாம். அவளுக்குப் பேய் பயம். கண்ட்ரோல் சேனலில் போன் படும் பாடும் கிட்டத்தட்ட அதுதான்: யாரும் கூப்பிடாமலே கூப்பிட்ட மாதிரி கேட்கும்.

ஒவ்வொரு மில்லிசெகண்டிலும் டவர் சின்னச் சின்ன உத்தரவுகளை அனுப்புகிறது. "உன் டேட்டா இந்த இடத்தில் வருகிறது, எடுத்துக்கொள்", "நீ இந்த இடத்தில் அனுப்பு" என்கிற மாதிரி. இதற்கு டி.சி.ஐ என்று பெயர். இது யாருக்கு, எங்கே, எந்த அளவில் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல ஆள் கிடையாது. போன்தான் ஒவ்வொரு இடமாகத் திறந்து பார்க்க வேண்டும். எல்.டி.இ-யில் சாதாரணமாக மில்லிசெகண்டுக்கு 44 தடவை வரை இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு டீகோட் செய்ய வேண்டியிருக்கும். முகவரியும் உறை மேல் எழுதியிருக்காது. போனின் 16 பிட் அடையாள எண்ணை 16 பிட் சி.ஆர்.சி-யோடு கலந்துவிடுகிறார்கள். கணக்கு ஒத்துப்போனால் செய்தி எனக்கு; இல்லையென்றால் வேறு யாருக்கோ, அல்லது வெறும் இரைச்சல்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். வெறும் இரைச்சல் 16 பிட் சி.ஆர்.சி-யைத் தற்செயலாகத் தாண்ட வாய்ப்பு 65,536-ல் ஒன்று. கேட்க ரொம்பக் குறைவுதான். ஆனால் நாம் விநாடிக்கு 44,000 தடவை முயற்சி செய்கிறோம். அப்படியென்றால் சுமார் ஒன்றரை விநாடிக்கு ஒரு பொய்ச் செய்தி! முதலில் நான் இதை நம்பவில்லை. டீகோடருக்கு சிக்னலே இல்லாமல் இரைச்சலை மட்டும் ஊட்டி ஓட்டிப் பார்த்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் லாக் முழுக்க உத்தரவுகள், அனுப்பாத டவரிடமிருந்து. அதில் பாதிக்கு மேல் அபத்தமான மதிப்புகள், அவற்றைப் பார்த்தவுடனே தள்ளிவிடலாம். மிச்சம்தான் தலைவலி. "நீ அனுப்பு" என்ற பொய் உத்தரவை நம்பி போன் அனுப்பினால், அடுத்தவருக்கு ஒதுக்கிய இடத்தில் போய் அவர் சிக்னலைக் கெடுக்கும்.

சரி, குறியீடு எங்கே உதவுகிறது? எல்.டி.இ-யின் இந்தச் சேனலில் இருப்பது கன்வல்யூஷனல் குறியீடு என்ற பிழைதிருத்தும் முறை: செய்தியோடு உபரி பிட்களைச் சேர்த்து அனுப்பும். டீகோடர் ஒரு விடையைத் தரும், பலரும் சி.ஆர்.சி-யைப் பார்த்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அந்த விடை வந்து சேர்ந்த சிக்னலோடு எவ்வளவு ஒத்துப்போனது என்ற தகவல் குப்பைக்குப் போகிறது. அதைத்தான் எடுக்க வேண்டும். வழி எளிது: டீகோட் ஆன பிட்களை மறுபடியும் என்கோட் செய்து, காற்றில் வந்ததோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான செய்தி என்றால் பெரும்பாலும் பொருந்தும். இரைச்சலிலிருந்து தற்செயலாகப் பிறந்தது என்றால் கண்டபடி முரண்படும்.

ஆனால் எவ்வளவு முரண்பட்டால் பொய்? இங்கேதான் நான் சூடு பட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு வைத்தேன். லாபில் பேய்கள் மாயம், சந்தோஷமாக இருந்தது. டவரின் எல்லை ஓரத்தில், சிக்னல் செத்துக் கிடக்கும் இடத்தில் சோதித்தபோது உண்மையான செய்திகளையும் சேர்த்துத் தூக்கி எறிந்துகொண்டிருந்தோம். 28 பிட் செய்தி, 16 பிட் சி.ஆர்.சி, ஆக 44 பிட். இதோடு உபரி சேர்த்து டவர் 72 பிட்டாகவும் அனுப்பலாம், தூரத்துப் போனுக்கு 576 பிட்டாகவும் அனுப்பலாம். 72-ல் அனுப்பினால் குறியீட்டில் உபரி கொஞ்சம்தான். இரைச்சலுக்குக்கூட பக்கத்திலேயே ஒரு குறியீட்டுச் சொல் (குறியீடு அனுமதிக்கும் பிட் வரிசை) கிடைத்துவிடும், அதனால் முரண்பாடு குறைவாகத் தெரியும். 576-ல் இரைச்சல் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முரண்படும். ஆனால் அந்த ஓரத்தில் உண்மைச் செய்தியிலேயே கால்வாசி பிட்கள் கெட்டிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் தனி வரம்பு வேண்டும். அதோடு பிட்களை வெறும் 0, 1 என்று எண்ணாமல், ஒவ்வொன்றும் எவ்வளவு உறுதியாக வந்தது என்ற சாஃப்ட் மதிப்பை எடையாக வைத்துக் கூட்டினால் உண்மைச் செய்தியும் பொய்ச் செய்தியும் நன்றாகப் பிரிகிறது. 72-ல் மட்டும் பெரிய பலன் எதிர்பார்க்காதீர்கள்.

5ஜி வடிவமைத்தவர்கள் இந்தத் தொல்லையை வேரிலேயே கவனித்திருக்கிறார்கள். துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்தால் அரிகான் 2009-ல் வெளியிட்ட போலார் குறியீட்டை 2016 நவம்பரில் கண்ட்ரோல் சேனலுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். டேட்டாவுக்கு எல்.டி.பி.சி என்ற இன்னொரு குறியீடு. கண்ட்ரோல் சேனலின் சி.ஆர்.சி 24 பிட் ஆனது. ஏன் 24? போலார் டீகோடர் எட்டு விடைகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, சி.ஆர்.சி தேறுவதை எடுக்கும். எட்டில் ஒன்றாவது தற்செயலாகத் தேற வாய்ப்பு எட்டு மடங்கு. அதாவது மூன்று பிட் நஷ்டம். கையில் நிற்பது 21 பிட். விநாடிக்கு அதே 44,000 முயற்சி என்றால், முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆனால்தான் ஒரு பொய் வரும். திருத்தும் பலத்துக்காகப் பட்டியலை இன்னும் நீட்டினால் பேய்க்கும் கதவு திறக்கும். புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். பட்டியல் 32 வைத்து "பிழை குறைந்தது" என்று கிராஃப் காட்டுவார்கள், பொய்ச் செய்தி எத்தனை என்ற கிராஃப் இருக்காது.

நீங்களும் இதில் இறங்கப் போகிறீர்கள் என்றால் முதல் வேலையாக டீகோடருக்கு இரைச்சலை மட்டும் கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு லாகை எண்ணுங்கள். வரும் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் வரம்பில் கை வையுங்கள்.