விட்டோரியாவில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: மே மாதம் கணவருடன் ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்குப் போகிறேன். பில்பாவோவில் இரண்டு இரவும் சான் செபாஸ்டியனில் மூன்று இரவும் தங்குகிறோம். பயண முகவர் ‘விட்டோரியா அரைநாள் சுற்றுலா’ ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, அதற்குத் தனியாக ஒரு பெரிய தொகை கேட்கிறார். அந்த ஊரைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வாங்கலாமா?

பதில்: அந்தச் சுற்றுலாவை வாங்காதீர்கள். ஆனால் ஊருக்குக் கட்டாயம் போங்கள். சான் செபாஸ்டியனில் ஓர் இரவையும் பில்பாவோவில் ஓர் இரவையும் குறைத்து, இரண்டு இரவுகளை விட்டோரியாவுக்குக் கொடுங்கள். அதில் ஒன்று வியாழக்கிழமை இரவாக இருக்கட்டும். காரணத்தை அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

ஊரின் முழுப் பெயர் விட்டோரியா-காஸ்டெய்ஸ். பாஸ்க் தன்னாட்சிப் பகுதியின் அரசும் நாடாளுமன்றமும் இருப்பது இங்கேதான். பில்பாவோவில் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் இருக்கிறது, சான் செபாஸ்டியனில் கடற்கரை இருக்கிறது. விட்டோரியாவில் இந்த இரண்டும் இல்லை என்பதால் கூட்டம் இதைத் தாண்டிப் போய்விடுகிறது. பயணியின் பைக்கு அது நல்ல செய்தி. இங்கே உணவகங்கள் பிழைப்பது உள்ளூர்க்காரர்களை நம்பி. மோசமான சோறு போட்டால் அடுத்த வாரம் அவர்கள் வரமாட்டார்கள்.

பில்பாவோவிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். நேரடி ரயில் கிடையாது, ஆகவே அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சான் செபாஸ்டியனிலிருந்து பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. முகவர் கேட்கும் தொகையில் மிகச் சிறிய பங்குதான் பஸ் டிக்கெட்டுக்கு ஆகும்.

இனி எதற்குப் பணம் கொடுக்கலாம் என்று பார்ப்போம். ஒரே ஒரு நுழைவுச் சீட்டுத்தான் வாங்குவீர்கள் என்றால் அது பழைய பேராலயமான சாந்தா மரியாவுக்காக இருக்கட்டும். முதலில் மரக்கூரைக்கென்று எழுப்பிய சுவர்களின் மேல் பிற்காலத்தில் கனமான கல் வளைவுகளை ஏற்றினார்கள். பாரம் தாங்காமல் தூண்கள் வளைந்தன. 1994-ல் ஆலயத்தை மூடும் நிலை வந்தது. சீரமைப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல், ‘வேலை நடப்பதால் திறந்திருக்கிறது’ என்ற வாசகத்தோடு மக்களை உள்ளே அழைத்தார்கள். தலையில் பாதுகாப்புக் கவசம் மாட்டிக்கொண்டு, அடித்தளத்திலிருந்து மேல்மாடம் வரை, ஒரு கட்டடம் எப்படி நோயுறுகிறது, எப்படிக் குணமாகிறது என்று பார்க்கலாம். இதைப் போல ஒன்றை ஐரோப்பாவின் பெரிய பேராலயங்களில்கூட எளிதில் காண முடியாது. வழிகாட்டியுடன் மட்டுமே அனுமதி. ஆங்கிலச் சுற்றுகள் எல்லா நேரத்திலும் இருப்பதில்லை. ஆகவே ஆலய அறக்கட்டளையின் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். இடைத்தரகர்களிடம் அதே சீட்டைக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

மற்றவற்றில் பெரும்பகுதி இலவசம். 1181-ல் நவார்ரா அரசர் ஆறாம் சாஞ்சோ நிறுவிய பழைய நகரம், குன்றின் மேல் பாதாம் பருப்பின் வடிவில் அப்படியே இருக்கிறது. தெருக்களுக்குக் கத்தி செய்வோர், கொல்லர், செருப்பு தைப்போர் என்று அந்தந்தத் தொழிலின் பெயர்தான் இன்றும். முழங்கால் வலி உள்ளவர்களுக்காக ஒரு தகவல்: மேலே ஏறக் கண்ணாடிக் கூரையிட்ட நகரும் சரிவுப் பாதைகள் உண்டு, கட்டணம் கிடையாது. 2007 முதல் அக்கம்பக்கத்து மக்களும் ஓவியர்களும் சேர்ந்து வரைந்த பிரம்மாண்டமான சுவரோவியங்களைத் தெருத்தெருவாகப் பார்க்கலாம். இவற்றுக்கு வழிகாட்டி தேவையில்லை, சுற்றுலா அலுவலகத்தின் வரைபடமே போதும்.

கீழே விர்ஹென் பிளாங்கா சதுக்கத்தின் நடுவில், 1813 ஜூன் 21 அன்று வெலிங்டனின் படை நெப்போலியனின் அண்ணன் ஜோசப்பின் படையை முறியடித்த போரின் நினைவுச்சின்னம் நிற்கிறது. அருகிலேயே, பயங்கரவாதத்தால் உயிரிழந்தவர்களுக்கான நினைவு மையம் 2021-ல் திறக்கப்பட்டது. நுழைவு இலவசம். பாஸ்க் தனி நாடு கேட்டு ஆயுதம் ஏந்திய எதா அமைப்பு வன்முறையில் இறங்கிய ஆண்டுகளைப் பற்றி எதுவும் அறியாமல் பாஸ்க் மண்ணில் சாப்பிட்டுவிட்டு மட்டும் திரும்புவது சரியல்ல என்பது என் எண்ணம். ஒரு மணி நேரமாவது அங்கே செலவிடுங்கள்.

மறுநாள் காலையில் ஊரைச் சுற்றியுள்ள பசுமை வளையத்துக்குப் போங்கள். 2012-ல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகர் என்ற பட்டம் இந்த ஊருக்குக் கிடைத்தது என்றால், அதில் இந்த வளையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. விவசாயத்துக்காக வடித்துவிட்ட சல்புருவா சதுப்புநிலத்தை 1990-களில் மீண்டும் நீர் நிரப்பி உயிர்ப்பித்தார்கள். 2002-ல் அது முக்கியமான சதுப்புநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளைப் பார்க்க மறைவிடங்கள் கட்டியிருக்கிறார்கள். நடந்தே போகலாம், வாடகை சைக்கிளிலும் போகலாம். மேட்டுநிலத்து ஊர் என்பதால் மே மாதத்திலும் மாலை குளிரும். மேலாடை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாள்களையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை. ஜூலையில் ஜாஸ் விழா நடக்கும் நாள்களிலும், ஆகஸ்ட் 4 முதல் 9 வரை நடக்கும் விர்ஹென் பிளாங்கா திருவிழாவிலும் அறை வாடகை ஏறும். திருவிழா பார்ப்பதற்காகவே போகிறவர்கள் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பாஸ்க் ஊர் ஒன்றில் பின்ச்சோ கடையில் நான்கைந்து தட்டு எடுத்தோம். பில் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்தது. ஏமாற்றினார்களா, அல்லது எங்களுக்கு முறை தெரியவில்லையா? விட்டோரியாவிலும் இப்படித்தானா?

பதில்: பில்லைப் பார்க்காமல் ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பில் ஏறுவதற்கான காரணங்கள் எனக்குத் தெரியும்.

பின்ச்சோ என்பது சிறு ரொட்டித் துண்டின் மேலோ குச்சியில் குத்தியோ தரும் ஒரு கடி உணவு. சாதாரணமானது பெரும்பாலும் 2 முதல் 4 யூரோ வரை. கரும்பலகையில் எழுதிப் போட்டு, கேட்ட பிறகு சூடாகச் செய்து தருபவை அதைவிட விலை கூடும். மேடையில் கண்ணெதிரே அடுக்கியிருப்பவற்றை எடுத்துக்கொண்டே போனால் கணக்குத் தவறும். உள்ளூர்க்காரர்கள் ஒரு கடையில் நின்றபடி ஒன்று, ஒரு சின்ன கிளாஸ் பானம், பிறகு அடுத்த கடை என்று நகர்வார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்தக் கடை எதற்குப் பெயர் பெற்றதோ அதை மட்டும் கேளுங்கள். ஒரே கடையில் வயிற்றை நிரப்புவது பணத்துக்கும் நல்லதல்ல, நாவுக்கும் நல்லதல்ல.

இரண்டாவது காரணம் இருக்கை. கடைக்கு வெளியே போட்டிருக்கும் மேசையில் உட்கார்ந்தால் சில இடங்களில் கூடுதல் கட்டணம் உண்டு. அது விலைப்பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் வசூலித்தால் கேளுங்கள். பட்டியலில் காட்டும் விலை வரியையும் சேர்த்ததாகவே இருக்க வேண்டும், பில்லில் தனியாக வரி ஏற்றக் கூடாது. அன்பளிப்புப் பணம் கட்டாயமில்லை.

மூன்றாவது காரணம் தண்ணீர். பாட்டில் தண்ணீருக்கு நால்வர் சேர்ந்து கொடுக்கும் தொகையில் இன்னொரு பின்ச்சோ வாங்கிவிடலாம். 2022-ல் வந்த ஸ்பெயின் நாட்டுக் கழிவுச் சட்டத்தின்படி உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். “ஆகுவா தெல் கிரிஃபோ” என்று கேளுங்கள். விட்டோரியாவின் குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

பில் தவறென்று உறுதியாகத் தெரிந்தால் சத்தம் போட வேண்டாம். “ஓஹா தே ரெக்லமசியோனெஸ்” என்ற புகார்ப் படிவத்தைக் கேளுங்கள். கடைக்காரர் அதைத் தர மறுக்கக் கூடாது. பாஸ்க் பகுதியில் நுகர்வோர் குறைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பு கொன்ட்சுமோபிதே. பில்லையும் படிவத்தின் நகலையும் பத்திரமாக வைத்திருந்தால் ஊர் திரும்பிய பிறகும் புகார் செய்யலாம்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்று மாலை விட்டோரியாவின் பல பேட்டைகளில் ‘பின்ச்சோ-போத்தே’ நடக்கும். ஒரு பானமும் ஒரு பின்ச்சோவும் சேர்த்து, வழக்கமான விலையைவிடக் குறைவாக ஒரே கட்டணம். அலுவலகம் விட்டு வந்தவர்களும் மாணவர்களும் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் பெற்றோரும் தெருவையே நிறைத்துவிடுவார்கள். சலுகைக்குத் தரும் பின்ச்சோ எளிமையானதுதான். சிறந்த சமையலை எதிர்பார்த்து அன்று போகாதீர்கள், அதை மறுநாள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மனிதர்களோடு தோள் உரசி நிற்பதுதான் அன்றைய மகிழ்ச்சி. பழைய நகரத்தின் குச்சியேரியா தெருவில் தொடங்கலாம்.

வயிறார உண்ண வேண்டுமென்றால் வேலை நாள்களில் மதியம் ‘மெனு தெல் தியா’ கேளுங்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, ரொட்டி, பெரும்பாலும் பானமும் சேர்த்து ஒரே விலை. இந்த மாகாணமான அலாவாவின் புள்ளிப் பயறுக் குழம்பும் உருளைக்கிழங்குக் குழம்பும் அதில் அடிக்கடி வரும். அந்த மண்ணின் உருளைக்கிழங்குக்குத் தனி மதிப்பு உண்டு. மதிய உணவு ஒன்றரை மணிக்கு முன் பெரும்பாலும் கிடைக்காது. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. ஏழு மணிக்கே பசித்து, படம் போட்ட பட்டியல் வைத்திருக்கும் கடையில் உட்கார்ந்து விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்தான்.

கேள்வி: என் மாமியார் சைவம். முட்டை சாப்பிடுவார். அவரை அழைத்துப் போகலாமா?

பதில்: அழைத்துப் போகலாம், ஆனால் ஒவ்வொரு தட்டையும் கேட்டே வாங்க வேண்டும். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் செய்யும் கனமான தோர்த்தியாதான் அவருக்குத் துணை. விட்டோரியா அதற்குப் பெயர் பெற்ற ஊர், உள்ளே சற்றுக் குழைவாக விட்டுச் சமைப்பார்கள். குழைவு பிடிக்காதென்றால் நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லலாம். எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிய கெர்னிகா பச்சை மிளகாய் காரமில்லாதது, பயப்பட வேண்டாம். வசந்த காலத்தில், குறிப்பாக ஏப்ரல் 28 அன்று வரும் புனித புருதென்சியோ விழாவை ஒட்டி, பெர்ரெச்சிகோ என்ற காளானை முட்டையோடு கிளறித் தருவார்கள். விலை அதிகம், ஒருமுறை கொடுக்கலாம்.

“இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித் தொடைத் துண்டுகளும் சூரை மீனும் அந்தச் சொல்லுக்குள் அடங்காது என்று நினைக்கும் பரிமாறுவோர் உண்டு. “சின் ஹமோன், சின் பெஸ்காதோ” என்று சேர்த்துச் சொல்லுங்கள். காய்கறிக் கூட்டிலும் பயறுக் குழம்பிலும் தொத்திறைச்சி கிடக்கும். க்ரோக்கேத்தா என்ற உருண்டைக்குள் பெரும்பாலும் பன்றித் தொடை இறைச்சிதான். இன்னொன்று, பலர் கவனிக்காதது: இடியாசபால் என்ற புகழ்பெற்ற செம்மறியாட்டுப்பால் சீஸை உறையவைக்க மரபாக ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியைப் பயன்படுத்துகிறார்கள். அவர் இதைப் பொருட்படுத்துவாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இனிப்புக்குக் கோஷுவா வாங்கிக் கொடுங்கள். பாலேடு, பாகில் ஊறிய கேக், மேலே கருக்கிய சர்க்கரையுடன் முட்டைக் கஸ்டர்ட். இந்த ஊரிலேயே பிறந்தது. பாகில் மது சேர்ப்பதுண்டு, அதையும் கேளுங்கள்.

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். விட்டோரியாவிலிருந்து எதை வாங்கி வரலாம்? வரி திரும்பக் கிடைக்குமா? கார்டில் கட்டும்போது பவுண்டா யூரோவா என்று இயந்திரம் கேட்கிறதே, எதை அழுத்துவது?

பதில்: எப்போதும் யூரோ. பவுண்டையோ ரூபாயையோ தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைக் கடைப் பக்கத்து நிறுவனம் தீர்மானிக்கும், பெரும்பாலும் அது உங்களுக்கு நஷ்டம்.

சீஸை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கால்நடை நோய்ப் பரவலைத் தடுக்க, 2025 ஏப்ரலில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பயணிகள் ஆட்டுப்பால், மாட்டுப்பால் பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுவரத் தடை விதித்தது. தடை நீங்கியிருக்கிறதா என்று புறப்படும் முன் பிரிட்டன் அரசின் தளத்தில் பாருங்கள். அதுவரை இடியாசபாலை அங்கேயே, வால்நட்டோடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

என் முதல் பரிந்துரை அன்யானா உப்பு. ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள பள்ளத்தாக்கில், பூமிக்கடியிலிருந்து ஊறும் உப்பு நீரை மரக்கால்வாய்களில் இறக்கி, அடுக்கடுக்கான மேடைகளில் வெயிலில் காயவைக்கிறார்கள். கடல் அங்கே எங்குமில்லை. 2017-ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக அளவில் முக்கியமான வேளாண் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. மேலே மிதந்து உறையும் மெல்லிய செதில் உப்புக்கு விலை கூடுதல். அதைக் குழம்பில் கரைக்காமல், தக்காளியின் மேலோ அவித்த முட்டையின் மேலோ கடைசியில் தூவுங்கள். சமையலுக்கென்றால் சாதாரணப் பரல் உப்பே போதும். நேரமிருந்தால் பள்ளத்தாக்குக்கே போய் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்த்து அங்கே வாங்குங்கள்.

அடுத்தது சீட்டுக்கட்டு. ஸ்பெயினின் பெரிய சீட்டு நிறுவனமான ஃபூர்னியர் 1868-ல் தொடங்கியது இந்த ஊரில்தான். பெந்தான்யா மாளிகையில் உலகெங்கும் திரட்டிய சீட்டுகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. நாணயம், கிண்ணம், வாள், தடி என்று நான்கு இனங்கள் கொண்ட ஸ்பானியக் கட்டு விலை மலிவு, எடையும் இல்லை.

வரி விஷயம்: நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்பதால் தகுதி உண்டு. 2018 முதல் ஸ்பெயினில் இதற்குக் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று இல்லை. வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி மின்னணுப் படிவம் கேளுங்கள். மூன்று மாதங்களுக்குள் ஊர் திரும்பும்போது, பெட்டியை ஒப்படைக்கும் முன் விமான நிலைய இயந்திரத்தில் அதைப் பதிவு செய்யுங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் கையில் இருக்க வேண்டும். ஒயினுக்கு 21 சதவீத வரி, ஆகவே திரும்ப வாங்குவதில் பொருளுண்டு. உப்புக்கு வரி குறைவு, இடைத்தரகு நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்தபின் மிஞ்சுவது சொற்பம். அறை வாடகைக்கும் உணவகப் பில்லுக்கும் எதுவும் திரும்பாது.