நியூ ஜெர்சியில் கூடைப்பந்து ஆடும் பையனுக்கு கத்தோலிக்கப் பள்ளியா, ஊர் அரசுப் பள்ளியா?

கேள்வி: "மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான், நியூ ஜெர்சி. ஊர் டீமில் நன்றாகவே ஆடுகிறான். அரசுப் பள்ளியில் போட்டால் எந்தக் கல்லூரியும் திரும்பிப் பார்க்காது, கத்தோலிக்கப் பள்ளியில் சேருங்கள் என்று ஒரு கோச் சொல்கிறார். கட்டணத்தை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. அவர் சொல்வது உண்மையா?"

பாதி உண்மை. அந்தப் பாதியும் மாநிலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய பையன்களுக்குத்தான் பொருந்தும்.

நான் கோச் கிடையாது, எடிசன் பக்கம் குடியிருக்கும் சாதாரண ஐடி ஆள். என் பெரியவன் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஆடினான். அந்த வகையில் ஸ்கோர் டேபிளில் உட்கார்ந்து கடிகாரம் ஓட்டும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அங்கிருந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் இங்கே போட்டி எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் பள்ளி பொதுவாக அந்த டவுன்ஷிப்பில் குடியிருக்கும் பிள்ளைகளைத்தான் எடுக்க முடியும். தனியார் பள்ளிக்கு அந்த எல்லை இல்லை, ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து போகத் தயாரான யாரையும் சேர்த்துக்கொள்ளலாம். டிசம்பரில் தொடங்கும் சீசனிலும் கவுண்டி போட்டிகளிலும் இரண்டு தரப்பும் ஒன்றோடொன்று மோதும். மார்ச்சில் மாநிலப் போட்டி வரும்போதுதான் பிரிப்பார்கள்: அரசுப் பள்ளிகள் மாணவர் எண்ணிக்கைப்படி நான்கு குரூப், தனியார் பள்ளிகள் ஏ, பி என்று இரண்டு பிரிவு. முன்பெல்லாம் இந்தப் பிரிவுகளில் ஜெயித்தவர்களைக் கடைசியில் ஒன்றாக மோதவிட்டு, சாம்பியன்களின் சாம்பியன் யார் என்று ஒரு போட்டி வைப்பார்கள். பையன்கள் பக்கம் அதைப் பெரும்பாலும் தனியார் பள்ளிகளே அள்ளிக்கொண்டு போயின. 2022இல் அந்தப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடைசி இறுதியாட்டத்தில்கூட ரோசெல் கத்தோலிக் என்ற தனியார் பள்ளிதான் கேம்டன் அரசுப் பள்ளியைத் தோற்கடித்தது.

நேரில் அது எப்படி இருக்கும் என்றால், ஒரு ஜனவரி மாலை ஆட்டத்தைச் சொல்கிறேன். எதிரணி ஒரு கத்தோலிக்கப் பள்ளி, வார்ம்-அப்பில் ஒவ்வொருவனாக வந்து லே-அப் போட்டுவிட்டுப் போகிறபோக்கில் வளையத்தைத் தொட்டுவிட்டுப் போகிறான். அணியிலேயே உயரமான எங்கள் சென்டர் ஆறடி இரண்டங்குலம், மதியம்வரை ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்துவிட்டு வந்த பையன், வழக்கமாக அணியில் குள்ளமாக இருக்கும் பாயின்ட் கார்டே அவர்களிடம் அவனைவிட உயரம். முதல் குவார்ட்டர் எட்டு நிமிஷத்தில் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதே எங்கள் பையன்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. இரண்டாம் பாதியில் அவர்களுடைய பெஞ்ச் இறங்கியது, அதற்கப்புறம் பெஞ்சுக்கும் பெஞ்சு இறங்கியது. அந்தக் கடைசி ஐந்து பேரில் ஒருவனை எனக்குத் தெரியும், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, என் மகனோடு ஊர் டீமில் ஆடியவன். எங்கள் பள்ளியில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதல் ஐவரில் போட்டிருப்பார்கள், அன்றைக்கு அவனுக்குக் கிடைத்தது கடைசி இரண்டு மூன்று நிமிஷம். நம்ம மாநிலத்தில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு 20,000 டாலரைத் தாண்டுவதெல்லாம் சகஜம். அவன் அப்பா அதைக் கட்டிவிட்டு கேலரியில் உட்கார்ந்திருந்தார்.

சரி, இது அநியாயம் என்று அரசுப் பள்ளிப் பெற்றோர் புலம்புவது நியாயமா? விளையாட்டுக்காக ஆள் பிடிக்கக் கூடாது என்று மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் விதியே இருக்கிறது, ஆனால் "பள்ளியை வந்து சுற்றிப் பாருங்கள்" என்று அழைப்பதற்கும் ஆள் பிடிப்பதற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. மற்ற மாநிலங்களும் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. இல்லினாயில் எல்லையில்லாத பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கிப் பெரிய பிரிவில் தள்ளும் வழி வைத்தார்கள். ஒஹாயோவில் 2017இலிருந்து மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துப் பிரிவை மாற்றுகிறார்கள். பிரபல கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் ஊர் அது. அவரும் சிறுவயதில் ஒரே கோடைக்கால டீமில் ஆடிய நண்பர்களும் கலந்து பேசி, ஆக்ரனில் எல்லாரும் எதிர்பார்த்த பக்டெல் அரசுப் பள்ளியை விட்டுவிட்டு, செயின்ட் வின்சென்ட்-செயின்ட் மேரி என்ற கத்தோலிக்கப் பள்ளியில் மொத்தமாகப் போய்ச் சேர்ந்தார்கள். நான்கு வருஷத்தில் மூன்று மாநிலப் பட்டம். ஊரில் எழுந்த முணுமுணுப்பைக் கேட்க வேண்டுமா?

ஆனால் எனக்கு இந்தப் புலம்பலில் முழு உடன்பாடு இல்லை. நல்ல பள்ளி வேண்டும் என்றுதானே நாமெல்லாம் இரண்டு லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுத்து இந்த ஊரில் வீடு வாங்குகிறோம், சொத்து வரி கட்டும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறோம்? அதுவும் காசு கொடுத்து எல்லைக்குள் நுழைவதுதான், பில் மட்டும் வேறு பெயரில் வருகிறது. இன்னொரு பக்கம், தனியார் என்றாலே பணக்காரப் பள்ளி என்று நினைப்பதும் தப்பு. ஜெர்சி சிட்டியில் செயின்ட் ஆன்டனி என்று ஒரு சின்ன கத்தோலிக்கப் பள்ளி இருந்தது. சொந்தமாக ஒரு ஜிம் கிடையாது, பிங்கோ ஆடும் ஹாலில் பயிற்சி. படித்தது பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். கோச் பாப் ஹர்லி பகலில் நீதிமன்றத்தின் நன்னடத்தை அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே அந்த டீமை வளர்த்தவர். 28 மாநிலப் பட்டம், 1,100க்கு மேல் வெற்றி, 2010இல் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். கடைசியில் பணம் இல்லாமல் 2017இல் பள்ளியையே மூடிவிட்டார்கள். அரசுப் பள்ளி பக்கம் பார்த்தால் கேம்டன் இருக்கிறது. அங்கே மில்ட் வாக்னர், மகன் டஜுவான், பேரன் டிஜே என்று மூன்று தலைமுறை அதே பள்ளியில் ஆடியிருக்கிறது. டஜுவான் 2001இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அந்த வீட்டுக் கதையைக் கேட்டால் எந்தப் பள்ளி என்ற கேள்வியே எழாது.

இப்போது உங்கள் கோச் சொன்னதற்கு வருகிறேன், அதாவது கல்லூரிகளின் கண்ணில் படுவது. 2019 என்பிஏ டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் இடம் சயன் வில்லியம்சன், இரண்டாவது இடம் ஜா மொரன்ட். இரண்டு பேரும் தென் கரோலினா, ஒரு காலத்தில் ஒரே ஏஏயூ டீமில், அதாவது பள்ளிக்கு வெளியே இருக்கும் கிளப் அணியில், ஆடியவர்கள். சயன் படித்தது ஸ்பார்டன்பர்க் டே என்ற குட்டித் தனியார் பள்ளி, எதிரே ஆடிய பள்ளிகளும் அப்படித்தான். அவர் பெயர் வெளியே வந்தது போட்டி பலமாக இருந்ததால் அல்ல, தன் பாதி எடைகூட இல்லாத பையன்களின் தலைக்கு மேலே அவர் டங்க் அடித்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியதால். ஜா படித்தது சம்டர் ஊரின் கிரெஸ்ட்வுட் அரசுப் பள்ளி, பெரிய கல்லூரிகள் அவ்வளவாகச் சீண்டவில்லை. மர்ரி ஸ்டேட் கல்லூரியின் உதவி கோச் ஒருவர் வேறொரு பையனைப் பார்க்க வந்த இடத்தில், கொறிக்க ஏதாவது வாங்கலாம் என்று வெளியே போனவர், பின்பக்க ஜிம்மில் பந்து சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து ஜாவைக் கண்டுபிடித்தார். அந்த ஆளுக்கு அன்றைக்குப் பசிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சிலசமயம் யோசிப்பதுண்டு. 2025 டிராஃப்டிலும் பாருங்கள், நம்ம மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே வருஷத்தில் இரண்டு பேர் போனார்கள். டிலன் ஹார்ப்பர் இரண்டாவது இடம், டான் பாஸ்கோ என்ற கத்தோலிக்கப் பள்ளி. ஏஸ் பெய்லி ஐந்தாவது இடம், ஜார்ஜியாவின் மெக்கீச்சர்ன் அரசுப் பள்ளி. (இருவரும் சேர்ந்து ஆடிய வருஷம் ரட்கர்ஸ் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம், அந்த வயிற்றெரிச்சல் வேறு கதை.)

கல்லூரி கோச்கள் பார்க்க வருவது பெரும்பாலும் பள்ளி ஆட்டத்தை அல்ல. ஜூலையில் ஏஏயூ போட்டிகள் நடக்கும், ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு கோர்ட், நைக்கி, அடிடாஸ் போன்ற ஷூ கம்பெனிகள் நடத்தும் தொடர்கள், அங்கே ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டுக் கையில் போனோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மாநிலத்துக்குள் ஒவ்வொரு பள்ளியாகச் சுற்றுவதைவிட அது அவர்களுக்குச் சுலபம். நல்ல ஏஏயூ டீமில் இருக்கும் அரசுப் பள்ளிப் பையன் அங்கே தென்படுவான். அந்த டீமிலும் இடமில்லாதவன் எந்தப் பள்ளியில் படித்தாலும் தென்பட மாட்டான்.

அப்படியானால் தனியார் பள்ளியில் உண்மையான லாபம் எது? பயிற்சி. கூப்பர் ஃபிளாக் மெய்னில் நியூபோர்ட் என்ற சின்ன ஊர்க்காரர். நோகோமிஸ் அரசுப் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் அந்த மாநிலத்தில் அவருக்கு ஈடுகொடுக்க ஆளில்லை. அதனால் ஃபுளோரிடாவில் மான்ட்வெர்ட் அகாடமிக்குப் போனார். அங்கே ஆட்டத்தைவிட வார நாட்களின் பயிற்சிதான் கடினம், எதிரே நிற்பவனும் பெரிய கல்லூரிக்குப் போகப்போகிறவன். 2023-24 சீசனில் அந்த அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அப்புறம் ட்யூக், 2025இல் டிராஃப்டில் முதல் இடம். அந்த நிலையில் இருக்கும் பையனுக்குப் பள்ளி மாற்றம் கட்டாயம்தான். நம்ம பக்கத்து ஊர் பிஸ்காட்டவேயில் வளர்ந்த என்பிஏ வீரர் கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் மெட்டச்சன் செயின்ட் ஜோசப் பள்ளிக்குப் போனதைப் பார்த்துத்தான் நம்மாட்கள் பலருக்கு இந்த ஆசை வருகிறது. ஆனால் அவர் அப்பா உயர்நிலைப் பள்ளி கோச். ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே அப்பாவின் ஜேவி (பள்ளியின் இரண்டாம் நிலை) அணிப் பையன்களோடு சேர்ந்து பயிற்சி செய்தவர் டவுன்ஸ். பள்ளி அதற்கப்புறம் வந்தது.

உங்கள் மகன் அந்த ரகமா என்பது உங்களுக்கே இந்நேரம் தெரிந்திருக்கும், ஏனென்றால் அப்படிப்பட்ட பையனின் வீட்டுக்குக் கோச்கள் தாமாகவே போன் செய்துகொண்டிருப்பார்கள். நீங்கள் தேடிப்போக வேண்டியிருக்காது. இந்த நாட்டில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட பையன்கள் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள், டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) கல்லூரியில் ஆடக் கிடைப்பது நூற்றில் ஒருவனுக்கு, என்பிஏ டிராஃப்டில் வருஷத்துக்கு அறுபது பேர்வரைதான், அதிலும் உலகம் முழுவதிலுமிருந்து. இதில் இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு. 2021க்குப் பிறகு கல்லூரிப் பையன்கள் ஒரு வருஷம் உட்காராமலேயே கல்லூரி மாறலாம் என்று ஆகிவிட்டதால், பதினெட்டு வயதுப் பையனை எடுத்து வளர்ப்பதற்குப் பதில் இருபத்திரண்டு வயது முரடனை எடுத்து இந்த வருஷமே ஜெயிக்கலாம் என்று கோச்கள் கணக்குப் போடுகிறார்கள். நடுத்தரத்தில் நன்றாக ஆடும் பள்ளிப் பையனுக்கு இதில்தான் பெரிய அடி. பெற்றோர் இன்னும் தனியாரா அரசா என்றுதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உயரத்தைப் பற்றியும் சங்கடப்படாமல் யோசியுங்கள். நானும் மனைவியும் சேர்ந்து நின்றாலே ஒரு அலமாரியின் மேல்தட்டு எட்டாது, என் பையன் எவ்வளவு பால் குடித்தாலும் ஐந்தடி எட்டங்குலத்தில் நின்றுவிட்டான். அவன் ஆடியது நன்றாகத்தான் இருந்தது, டிவிஷன் 1 கனவை நாங்கள் வீட்டில் வளர்க்கவில்லை, அவ்வளவுதான். டிவிஷன் 3 என்று ஒன்று இருப்பதே நம்மாட்களில் பலருக்குத் தெரிவதில்லை. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், என்ஒய்யு எல்லாம் டிவிஷன் 3தான், இங்கே பக்கத்தில் ஸ்டீவன்ஸ், டிசிஎன்ஜே, ரோவன். மார்க்கும் இருந்து, கோச் இந்தப் பையன் வேண்டும் என்று கேட்டால் சில இடங்களில் அட்மிஷனுக்குக் கை கொடுக்கும். அதற்குப் பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டியில் நிறைய நிமிஷம் ஆடிய பையனாக இருக்க வேண்டும், நிமிஷம் எங்கே கிடைக்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, சில இடங்களில் எட்டாம் வகுப்பை இன்னொரு தடவை படிக்க வையுங்கள், ஒரு வருஷம் உயரமும் பலமும் கூடும் என்பார்கள். எங்கள் வட்டாரத்தில் செய்தவர்கள் இருக்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையை இதற்காக ஒரு வருஷம் நிறுத்துவது எனக்கு உவப்பாக இல்லை, இதில் என்னோடு சண்டை போட வருபவர்கள் வரலாம்.

கத்தோலிக்கப் பள்ளியின் படிப்பு, ஒழுங்கு, சின்ன வகுப்பு, அது பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள், நல்ல பள்ளிகள் பல இருக்கின்றன. கூடைப்பந்துக்காக மட்டும் என்றால், நுழைவுத் தேர்வுக்குப் பதியும் முன் அந்தப் பள்ளியின் ஃப்ரெஷ்மன் (ஒன்பதாம் வகுப்பு) அணி ஆட்டம் ஒன்றுக்குப் போய் உட்காருங்கள், வார்சிட்டி ஆட்டத்துக்கு வேண்டாம். எத்தனை பேர் பெஞ்சில் இருக்கிறார்கள், அதில் உங்கள் மகன் உயரத்தில், அவன் ஆடும் இடத்தில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இடைவேளையில் பக்கத்தில் இருக்கும் அம்மா அப்பாவிடம், போன வருஷம் ஃப்ரெஷ்மன் அணியில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இந்தப் பள்ளியில் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள். உங்களுக்கு எந்த டவுன், பையன் கார்டா ஃபார்வர்டா என்று கீழே எழுதினால், அந்தக் கவுண்டியில் எனக்குத் தெரிந்த ஏஏயூ டீம்களைச் சொல்கிறேன்.